பழைய சீரியல் டேப்பை யூடியூபுக்கு ஏற்றினால்: கோடு கோடா படம், ஒரு காதில் மட்டும் ஒலி, ஆறு எபிசோடுக்கு இசை க்ளெய்ம்

கேள்வி: ரீல்பெட்டி

2001 முதல் 2004 வரை தனியார் சேனலில் ஓடிய சீரியல். 410 எபிசோடு, விளம்பரம் போக ஒவ்வொன்றும் 22 நிமிடம். 1 முதல் 260 வரை பீட்டாகேம் எஸ்பி (அனலாக் டேப்), மீதி டிவிகேம் (டிஜிட்டல் டேப்). தயாரிப்பு நிறுவனமே சொந்தச் சேனலில் போடணும்னு திட்டம்.

சோதனைக்குப் பத்து எபிசோடு ஏற்றியாச்சு. பிரச்சினைகள்:

1. யாராவது கை அசைத்தால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு. முகமெல்லாம் கொஞ்சம் ஒல்லியா, நீளமா தெரியுது.
2. ஹெட்போனில் கேட்டால் வசனம் இடது காதில், பின்னணி இசை வலது காதில்.
3. பத்தில் ஆறுக்கு கன்டென்ட் ஐடி (யூடியூப் தானாவே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை) வழியா இசை க்ளெய்ம், அதாவது வேறொருத்தர் உரிமை கோரல். இசை நம்மளோடதுன்னு மறுப்பு போடலாமா?
4. இதே சீரியலை வேற யாரோ முழுசா ஏற்றி வச்சிருக்காங்க. அதை எப்படிப் பிடிப்பது?
5. 88 முதல் 93 வரையான டேப்பில் வெள்ளையா பூஞ்சை. அந்த ஆறு எபிசோடும் டிவியில் ஓடினப்போ விஎச்எஸ்ஸில் பதிவு செய்தது இருக்கு, மூலையில் சேனல் லோகோவோட. அதைப் போடலாமா?

அப்புறம், ஷார்ட்ஸா வெட்டவும் எண்ணம் இருக்கு.

பதில்: டெக்ரூம்

முதல் இரண்டும் ஐந்தில் பாதியும் என் பக்கம். உரிமை விஷயத்தை வேறு யாராவது சொல்லட்டும்.

சீப்புப் பல்: அந்தக் காலத்து வீடியோ கேமரா விநாடிக்கு 25 முழுப் படம் எடுக்கலை, 50 அரைப் படம் எடுத்தது. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் 1/50 விநாடி கழிச்சு அடுத்த ஃபீல்டு. ரெண்டையும் சேர்த்து ஒரே ஃப்ரேமா காட்டினால் ஆடிய கை இரண்டு இடத்தில் தெரியும். டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளைப் பிரிச்சு முழுப் படங்களா மாத்துறது) பண்ணாமலே 1080-க்குப் பெரிசாக்கியிருக்கீங்க. அப்படிப் பண்ணினால் கோடு படத்தோடயே கலந்துடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அந்தப் பத்து ஃபைலைத் தூக்கிப் போட்டுட்டு டேப்பிலிருந்து மறுபடி எடுங்க.

மாஸ்டர் ஃபைல் எப்பவும் இன்டர்லேஸாகவே (ஃபீல்டுகளைப் பிரிக்காமல்) இருக்கணும்: 720×576, 10 பிட், 4:2:2. எஃப்எஃப்வி1 கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) மட்ரோஸ்கா (எம்கேவி) ஃபைலா வச்சால் மணிக்குச் சுமார் 40 ஜிபி, இழப்பே இல்லை. எடிட்டர் அதைத் திறக்க மாட்டேங்குதுன்னா ப்ரோரெஸ் 422 எச்க்யூ, மணிக்கு 28 ஜிபி கிட்ட. 260 எபிசோடு 95 மணி நேரம் வரும், அதாவது 4 டிபிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு பிரதி, மூணாவது எல்டிஓ டேப்பில், அதுவும் வேற கட்டடத்தில்.

டிவிகேமை எஸ்டிஐ (ஸ்டுடியோ வீடியோ இணைப்பு) வழியா எடுக்காதீங்க. அது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிளில் இழுத்தால் டேப்பில் உள்ள பிட் அப்படியே வரும், மணிக்கு 13 ஜிபிதான். டேப் பிழை எந்த ஃப்ரேமில் வந்ததுன்னு டிவிரெஸ்க்யூ மாதிரி இலவச மென்பொருள் பட்டியலே போட்டுக் கொடுக்கும்.

பார்வையாளருக்குப் போகும் பிரதியை இந்த வரிசையில் செய்யுங்க. முதலில் ஃபீல்டு வரிசை: டிவிகேமில் கீழ் ஃபீல்டு முதல், பீட்டாவை எஸ்டிஐ கார்டு வழியா எடுத்தால் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதல். இதை மாத்திக் கொடுத்தால் ஆள் நடக்கும்போது முன்னே ஒரு அடி பின்னே ஒரு அடின்னு துடிக்கும். அடுத்து டீஇன்டர்லேஸ், விநாடிக்கு 50 முழுப் படமா. க்யூடிஜிஎம்சி நல்லது ஆனா மெதுவு, எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கும் பிடபிள்யூடிஃப் வேகம், 410 எபிசோடுக்கு அதுவே போதும். அப்புறம் இடம் வலம் 8 பிக்சல் வெட்டி 704×576 ஆக்கி, அதை 1440×1080-க்குப் பெரிசாக்குங்க. முகம் ஒல்லியாத் தெரிஞ்சதுக்குக் காரணம் இதுதான்: பிஏஎல் (PAL, நம்ம பழைய டிவி முறை) படத்தின் பிக்சல் சதுரமில்லை. கடைசியா நிறம். எஸ்டி படம் 601 என்ற நிறத் தரத்தின் கணக்கில், எச்டி 709 என்ற தரத்தின் கணக்கில். மாற்றாமல் விட்டால் தோல் நிறமும் பட்டுப்புடவைச் சிவப்பும் நகர்ந்துடும்.

பக்கத்தில் கறுப்புப் பட்டை சேர்க்க வேண்டாம். 1440×1080-ஐ அப்படியே ஏற்றுங்க, ப்ளேயரே பொருத்திக்கும். திரையை நிரப்பணும்னு மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்குறதுதான் நான் பார்க்கிறதிலேயே மோசமான வேலை. உயரத்தில் கால் பங்கு போயிடும், தலையும் போகும் தாலியும் போகும்.

ஒலி: பீட்டாகேம் எஸ்பியில் நாலு டிராக் உண்டு, இரண்டு லீனியர், இரண்டு ஏஎஃப்எம். அப்போதைய வழக்கம், முதல் டிராக்கில் முழு மிக்ஸ் அல்லது வசனம், இரண்டாவதில் இசையும் எஃபெக்ட்ஸும். அதை ஸ்டீரியோ ஜோடின்னு நினைச்சு எடுத்திருக்கீங்க. நாலையும் தனித்தனி மோனோவா மாஸ்டரில் பதியுங்க. விலை குறைந்த டெக் (டேப் ஓட்டும் கருவி) சிலது இரண்டு சேனல் மட்டுமே தரும், வாடகைக்கு எடுக்கும் முன்னே கேளுங்க. இசை டிராக் தனியா கிடைச்சிருக்குன்னா அது சொத்து. நாளைக்குத் தெலுங்கிலோ மலையாளத்திலோ டப்பிங் பண்ண அதுதான் வேணும்.

சத்த அளவு: ஒளிபரப்புக்குச் செய்த ஒலி யூடியூபுக்குத் தாழ்வா இருக்கலாம். யூடியூப் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்த அளவின் அலகு)-க்கு மேல் போனால் குறைக்கும். கீழே இருந்தால் ஏற்றித் தராது. அதனால் மைனஸ் 16-லிருந்து 14-க்குள் கொண்டு வந்து, உச்சத்தை மைனஸ் 1-க்குள் நிறுத்துங்க.

பூஞ்சை டேப்பை வழக்கமா ஓட்டும் டெக்கில் போடவே கூடாது. ஹெட் அடைச்சுக்கும், அதோட அடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் பூஞ்சை தொத்தும். தனி நெகிழிப் பையில் பிரிச்சு வைங்க. உலர்ந்த அறையில் பஞ்சு உதிராத துணியால் ஓரம் துடைச்சு, அதுக்குன்னே ஒதுக்கின பழைய டெக்கில் மெதுவா ஒருமுறை முன்னே ஓட்டிப் பின்னே சுத்தணும். டேப் சுத்தம் செய்யும் இயந்திரம் வச்சிருக்கிறவங்க கிட்ட கொடுக்கிறது இன்னும் நல்லது. நல்ல டேப்பையும் ப்ளே பண்ணும் முன் ஒருமுறை முழுக்க ஓட்டிச் சுத்துங்க. இருபது வருஷம் ஒரே நிலையில் கிடந்த சுற்று இறுக்கம் சமமாகும்.

பதில்: ஷரத்து

உரிமைப் பக்கம். முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சீரியல் உங்களுடையதுதானா?

ஸ்லாட்டுக்கு (சேனலின் ஒளிபரப்பு நேரத்துக்கு) கட்டணம் கட்டி, விளம்பர நேரத்தைத் தயாரிப்பாளரே விற்ற முறை என்றால் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமே நின்றிருக்கும். சேனல் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன முறை என்றால், காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957-ன் 17(பி) பிரிவைப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், யார் கூலி கொடுத்து எடுக்கச் சொன்னாரோ அவரே முதல் உரிமையாளர். எபிசோடு 150 வரை ஒரு முறை, அதற்குப் பிறகு இன்னொரு முறை என்று நடுவில் மாறிய சீரியல்களும் உண்டு. எல்லாத் திருத்த ஒப்பந்தங்களையும் தேடி எடுங்கள்.

ஒப்பந்தத்தில் "சாட்டிலைட் உரிமை" என்று மட்டும் இருந்தால் பிரிவு 19-ஐப் பாருங்கள். கால அளவு சொல்லாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு சொல்லாதது இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்ற வரி இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. அந்த வரிக்காகத்தான் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை உரிமைகளைத் தனியாக விற்றிருந்தால் அந்த நாடுகளில் ஓடாதபடி யூடியூபில் அடைக்க வேண்டியிருக்கும்.

2012 திருத்தம் பிரிவு 18-ல் சேர்த்தது: ஒப்பந்த நாளில் இல்லாத, அல்லது வணிகத்துக்கு வராத ஊடகத்துக்கு, அதன் பெயரைக் குறிப்பிடாமல் செய்த உரிமை மாற்றம் செல்லாது. திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான ராயல்டியைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்கவே முடியாது என்பதும் அதே திருத்தம்தான். இது 2012 ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஒப்பந்தம் 2001 என்பதால் இதை அப்படியே நீட்டிப் பிடிக்காதீர்கள். வழக்கறிஞரிடம் தேதியோடு காட்டுங்கள்.

லோகோவோடு உள்ள விஎச்எஸ்: இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சீரியல் உங்களுடையதாகவே இருந்தாலும், சேனலின் ஒளிபரப்பைப் பதிவு செய்த பிரதிமீது சேனலுக்குத் தனி உரிமை உண்டு, பிரிவு 37. ஒளிபரப்பிய ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 25 ஆண்டு. 2001-ல் ஓடியது 2026 டிசம்பர் 31 வரை, 2004-ல் ஓடியது 2029 முடியும் வரை. சீரியலின் சொந்தக் காப்புரிமையான 60 ஆண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லோகோவை மங்கலாக்கினால் படம்தான் கெடும், உரிமை அங்கேயே நிற்கும். அந்த ஆறு எபிசோடுக்கு மட்டும் சேனலிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள், தலைப்பில் நன்றி கேட்பார்கள்.

"நன்றி" போடுவது அனுமதி ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 30 விநாடி வரை எடுக்கலாம் என்பதும் எந்தப் பிரிவிலும் இல்லாத கட்டுக்கதை. பிரிவு 52 சொல்வது சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான கையாளல். கதாநாயகி அறிமுகக் காட்சியில் ரேடியோவில் முழுச் சினிமாப் பாட்டு ஓடுவது அதில் எதிலும் வராது.

ரீல்பெட்டி

ரொம்ப நன்றி. ஸ்லாட் கட்டணம் கட்டின முறைதான், எல்லா எபிசோடும். டைட்டில் பாட்டு சொந்தமா போட்டது, கையெழுத்து இருக்கு. ஆனா பின்னணி இசை பாதிக்கு மேல் அப்போ கடையில் வாங்கின சிடியிலிருந்து வச்சது. டைட்டில் பாட்டுக் காட்சி மட்டும் 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தது.

பதில்: க்ளெய்ம்கணக்கு

அப்போ மூணாவது கேள்விக்குப் பதில்: மறுப்பு போடாதீங்க. சிடி வாங்கினது கேட்கிறதுக்கான உரிமை, ஒட்டுறதுக்கு இல்லை.

நடைமுறை இது. மறுப்பு போட்டால் எதிராளிக்கு 30 நாள். அவர் நிராகரிச்சால் மேல்முறையீடு, அதுக்கு 7 நாள். அதையும் ஏற்காமல் நீக்கச் சொன்னால் சேனலுக்கு ஸ்ட்ரைக். 90 நாளில் மூணு ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போயிடும். 410 எபிசோடு ஒரே சேனலில் வச்சுக்கிட்டு இந்த விளையாட்டு வேணாம். உண்மையிலேயே உங்களோட டைட்டில் பாட்டுக்கு எவனாவது க்ளெய்ம் போட்டிருந்தால் மட்டும் மறுப்பு போடுங்க, அதுவும் 5 நாளுக்குள்ள. அப்பதான் க்ளெய்ம் வந்த நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும்.

மீதிக்கு இசையை மாத்துங்க. யூடியூப் ஸ்டுடியோவிலேயே பாட்டை மட்டும் அழிக்கும் வசதி இருக்கு. வசனம் கொஞ்சம் தகரத்தில் பேசுற மாதிரி ஆகும். டெக்ரூம் சொன்ன இரண்டாவது டிராக்கைத் தலைகீழாக்கி முதலிலிருந்து கழிச்சால் வசனம் மட்டும் மிஞ்சுமேன்னு தோணும். காகிதத்தில் சரி. அனலாக் லீனியர் டிராக்கில் இரண்டுக்கும் நடுவே சின்னக் கட்ட (ஃபேஸ்) வேறுபாடு இருக்கும், தாழ்ந்த ஒலி கழியும், சலங்கையும் வயலினும் அப்படியே நிற்கும். அதுக்கு டெமுக்ஸ் மாதிரி பிரிப்பு மென்பொருள் எவ்வளவோ மேல். முதல் டிராக்கிலேயே வசனம் மட்டும் இருக்கிற எபிசோடுகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, புது இசை வச்சால் முடிஞ்சது.

முழுசா ஏற்றி வச்சிருக்கும் திருட்டுப் பிரதி: கன்டென்ட் ஐடி எல்லாருக்கும் தர மாட்டாங்க. ஒற்றைச் சீரியல் வச்சிருக்கும் நிறுவனம் பெரும்பாலும் ஒரு அக்ரிகேட்டர் (பலரோட உரிமையைத் தன் கன்டென்ட் ஐடி கணக்கில் பார்த்துக்கும் நிறுவனம்) வழியாகத்தான் போகணும். அதுவரைக்கும் சேனல் வருமானத் திட்டத்தில் சேர்ந்தால் கிடைக்கும் காப்பிரைட் மேட்ச் கருவி, முழுசாவோ கிட்டத்தட்ட முழுசாவோ மறு பதிவேற்றம் ஆனதைக் காட்டும். ஆனா ஒரு நிபந்தனை, நீங்க முதலில் ஏற்றியிருக்கணும். ஏற்கெனவே அவன் ஏற்றினதுக்குப் படிவம் நிரப்பித்தான் நீக்கணும்.

அக்ரிகேட்டர்கிட்ட போறப்போ பங்கு விகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுறவங்கதான் அதிகம். அதைவிட முக்கியம், ஒப்பந்தம் முடிஞ்சதும் என்ன ஆகும்ங்கிறது. உங்க எபிசோடோட ஒப்புமைக் கோப்புகள் (மற்ற வீடியோக்களோட ஒப்பிட யூடியூபுக்குக் கொடுக்கும் பிரதிகள்) அவங்க கணக்கில் இருக்கும். விலகின பிறகு அதை எத்தனை நாளில் முடக்கணும் அல்லது புது உரிமையாளருக்கு மாத்தணும்னு எழுதலைன்னா, உங்க புதுச் சேனலுக்கே பழைய அக்ரிகேட்டர் பேரில் க்ளெய்ம் வரும். 30 நாள்னு எண்ணைப் போட்டு எழுதி வாங்குங்க.

ஒப்புமைக் கோப்பு கொடுக்கிறப்போ இரண்டு தப்பு வழக்கமா நடக்கும். ஒண்ணு, சினிமாப் பாட்டும் சிடி இசையும் உள்ளே இருக்கிற எபிசோடை அப்படியே கொடுக்கிறது. அப்புறம் அந்த இசையை முறைப்படி உரிமம் வாங்கி வச்சிருக்கும் யாரோ ஒருத்தரோட கல்யாண வீடியோவுக்கு உங்க சீரியல் பேரில் க்ளெய்ம் போகும். தப்பான க்ளெய்ம் சேர்ந்தால் கன்டென்ட் ஐடி அனுமதியே பறிபோகலாம். அந்தத் துண்டுகளை நேரக் குறிப்போட விலக்கிக் கொடுக்கணும். இன்னொண்ணு, டைட்டில் பாட்டு. 410 கோப்பிலும் அதே பாட்டு இருந்தால் உங்க கோப்புகளே ஒண்ணோட ஒண்ணு மோதும். டைட்டிலைத் தனி அசெட்டா (கன்டென்ட் ஐடியில் தனிப் பதிவா) ஒருமுறை கொடுத்து, மற்ற 410-லிருந்தும் விலக்குங்க.

கொள்கையையும் யோசிச்சு வைங்க. முழு எபிசோடு போட்டால் தடு. சின்னத் துண்டு, மீம், விமர்சனம்னா விட்டுடு. எத்தனை விநாடிக்கு மேல் பொருந்தினால் க்ளெய்ம்னு நீங்களே வரம்பு போடலாம். மீம்காரர்களை அடிச்சு விரட்டின பழைய சீரியலை யாரும் தேடிப் பார்க்க மாட்டாங்க.

பதில்: ஃபிலிம்கேட்

டைட்டில் பாட்டு 16 எம்எம் என்பதால் டெக்ரூம் சொன்ன டீஇன்டர்லேஸ் அந்தப் பகுதிக்குப் பொருந்தாது. ஃபிலிமை டேப்புக்கு மாற்றியபோது இரண்டு ஃபீல்டும் ஒரே படத்திலிருந்து வந்தவை. சும்மா சேர்த்தாலே முழுப் படம். அதைப் பிரித்தால் கூர்மை குறையும். ஆகவே டைட்டிலை மட்டும் 25 முழுப் படமாகத் தனியே செய்து, ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை வைத்து 50-க்குள் ஒட்டுங்கள். ஒருமுறை செய்தால் போதும், 410-லும் அதையே வைக்கலாம்.

அந்த 16 எம்எம் நெகட்டிவ் லேபில் இன்னும் கிடந்தால் லேப் கடிதம் வாங்கி ஸ்கேன் செய்யப் பாருங்கள். டேப்பில் 576 வரிக்குமேல் ஒன்றும் இல்லை, நெகட்டிவில் இருக்கிறது. 24-ல் எடுத்து 25-ல் மாற்றிய ஃபிலிம் என்றால் நீளம் 4 சதவீதம் குறைந்து சுருதியும் ஏறியிருக்கும். பழைய சினிமாக்களின் சாட்டிலைட் பிரதிகளில் இது சாதாரணம், 150 நிமிடப் படம் 144-ல் முடிந்துவிடும்.

ஏஐ கொண்டு 4கே ஆக்கலாம் என்று யாராவது வருவார்கள். பத்து நிமிடம் சோதித்துப் பாருங்கள்: மல்லிகைச் சரம் வெள்ளைக் களிம்பாகும், பட்டுக்கரை வேலைப்பாடு கரைந்துபோகும், தூரத்தில் நிற்பவருக்குப் பல் ஒரே பலகையாகும். க்ளோஸ்அப்பில் மட்டும் நன்றாக இருக்கும், அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். 1440 வரி உயரத்துக்குச் சாதாரணமாகப் பெரிதாக்கி ஏற்றினால் யூடியூப் நல்ல கோடெக் கொடுக்கும். அதற்கு ஏஐ தேவையில்லை.

டெக்ரூம்

டைட்டில் விஷயம் சரி, ஏற்கிறேன். 1440-ம் சரிதான், ஆனா 410 எபிசோடு ஏற்றும் நேரத்தையும் பாருங்க. எனக்கு 1080 போதும்.

பதில்: நிமிர்சட்டகம்

ஷார்ட்ஸ் பற்றி யாரும் சொல்லலை. 4:3 படத்திலிருந்து 9:16 வெட்டினால் அகலத்தில் 42 சதவீதம் மிஞ்சும். இன்றைய 16:9 சீரியலில் 32 தான். அந்த வகையில் பழசுக்கு லாபம். ஆனா 576 வரியை 1920-க்கு இழுத்தால் மூணு மடங்குக்கு மேல், முகம் கஞ்சி மாதிரி ஆகும். மாமியார் மருமகள் எதிரெதிரே நிற்கும் காட்சியில் இரண்டு பேரும் சட்டகத்துக்கு வெளியேதான் இருப்பாங்க. முழு 4:3 படத்தையும் 1080×810-ஆ மேல் பாதியில் வச்சு, அதுக்குக் கீழே வசன வரி போடுங்க. கீழ்க் கால் பகுதியையும் வலது ஓரத்தையும் காலியா விடுங்க, அங்கே ஆப்பின் பொத்தான்கள் உட்காரும்.

ஷார்ட்ஸுக்கு 2024 அக்டோபர் 15 முதல் 3 நிமிடம் வரை அனுமதி. இந்தச் சீரியல் மாதிரி விஷயத்துக்கு 50 விநாடியே சரி: சண்டை தொடங்குற இடத்தில் ஆரம்பிச்சு, பதில் வசனத்துக்கு முன்னாடி நிறுத்தி, முழு எபிசோடு இணைப்பைக் கொடுங்க. பின்னணியில் சிடி இசை ஓடுற துண்டை ஷார்ட்ஸுக்கு எடுக்கவே வேணாம்.

ரீல்பெட்டி

வசன வரி போட்டால் ப்ரீமியரில் தமிழ் எழுத்து உடையுது. "கொ" எழுதினால் கொம்பு தனி, கால் தனியா நிற்குது.

நிமிர்சட்டகம்

ப்ரெஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு வகைக்கு மாற்றுங்க. பிறகு புதுசா உண்டாக்கும் எழுத்துப் பெட்டிதான் சரியா வரும், பழைய பெட்டியில் இருப்பதை அழிச்சுட்டு மறுபடி தட்டுங்க. எழுத்துரு யூனிகோடா இருக்கணும். பழைய டிடிபி எழுத்துரு வச்சிருந்தால் எந்த எஞ்சினும் உதவாது.